பொருள்: காளான் வறுவல் உண்டது – தொடர்பாக

எனக்குச் சமைக்கத் தெரியாது. இதற்காக வெட்கப்படும் வயதையெல்லாம் தாண்டிவிட்டேன். ஆனால் சமைக்கத் தெரியாத என்னை, சத்தாகச் சமைப்பது எப்படி என்று ஊர்ப் பெண்களுக்குக் கற்றுக்கொடுக்கச் சொல்லிச் சம்பளமும் கொடுத்து அனுப்பியது அரசாங்கம். அந்த வெட்கத்தை நான் ஒருத்தியே சுமப்பது நியாயமில்லை என்றுதான் இதை எழுதுகிறேன்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. உத்தியோகம் கிராம சேவிகா. (பெற்றவர்கள் வைத்த பெயரை அந்த ஊரில் யாரும் கேட்கவே இல்லை. எல்லாருக்கும் நான் ‘சேவிகாம்மா’தான்.) மாயவரத்தில் வளர்ந்தவள். பயிற்சி நிலையத்தில் ரத்தசோகை, வைட்டமின், சோப்புக் காய்ச்சுவது எல்லாம் படித்து முடித்ததும், குடவாசலைத் தாண்டி ஒரு கிராமத்தில் கொண்டுபோய்ப் போட்டார்கள். மாதர் சங்கம் நடத்த வேண்டும், பெண்களைக் கூட்டி வைத்துச் சமைத்துக் காட்ட வேண்டும். இதுதான் வேலை.

கூட்டத்தான் பெண்கள் வரவில்லை. சங்கம் நடத்தவும் நான் தங்கவும் மிராசுதார் விட்டுக்கொடுத்திருந்த இடம் அவருடைய பழைய நெற்களஞ்சியம். அதன் வாசலில் ஒரு காலத்தில் பண்ணையாட்களைக் கட்டி வைத்து அடிப்பார்களாம். அதனால் வாய்க்காலுக்கு அந்தக் கரையில் இருந்த கூலிக்காரத் தெருப் பெண்கள் உள்ளே கால் வைக்க மாட்டார்கள். நான் அந்தத் தெருவுக்குப் போய்வருகிறேன் என்பதால் மிராசுதார் தெருப் பெண்களும் வர மாட்டார்கள். போதாததற்கு அது குறுவை அறுப்புச் சமயம், கூலித் தகராறு வேறு. வரப்பில் சிவப்புக் கொடி நட்டிருந்தது. கதிர் முற்றித் தலைசாய்ந்து கிடக்க, அறுக்க ஆளில்லை. வெளியூர் ஆட்களை இறக்குவோம் என்றார்கள் இவர்கள். இறக்கிப் பாருங்கள் என்றார்கள் அவர்கள். நான் எதிராளியின் வேவுக்காரி என்பதில் மட்டும் இரண்டு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

தினமும் மூன்று மணிக்குப் பன்னிரண்டு பாய்களை விரிப்பேன். ஐந்து மணிக்குச் சுருட்டி வைப்பேன். ‘மழை காரணமாக வருகை குறைவு’ என்று பதிவேட்டில் எழுதுவேன். (ஆனி வெயிலிலும் அப்படித்தான் எழுதினேன்.) தபால்காரருக்கு மோர் கொடுத்துப் பேச்சுக்கு உட்கார வைக்கப் பார்த்தேன். அவர் ஊர்ப் பொல்லாப்புக்குப் பயந்து சைக்கிளை விட்டு இறங்காமலே குடித்துவிட்டுப் பறந்தார். சில நாட்களில் என் குரல் எப்படி இருக்கும் என்று பார்ப்பதற்காகவே சத்தம் போட்டுப் பாடம் வாசிப்பேன். அத்தனை தனிமை.

தையல்நாயகி ஒருத்திதான் அவ்வப்போது என்னிடம் பேசியவள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் முதல் குடிசை அவளுடையது. என்னைவிடப் பத்து வயது மூத்தவள். குடியிருந்த மனைக்குப் பட்டா கேட்டு அவளுக்கு ஒரு மனு எழுதிக் கொடுத்திருந்தேன். புதிய ஆட்சியில் அப்படிக் கேட்டால் கிடைக்கும் என்று ஊரெல்லாம் பேச்சு. இரண்டு நாள் மழைக்குப் பிறகு ஒரு காலையில், தாமரை இலையில் எதையோ பொதிந்து எடுத்துக்கொண்டு வந்தாள். பிரித்தால் காளான், மொட்டு மொட்டாக.

“வைக்கப்போர் அடியில மொளச்சிருந்திச்சு சேவிகாம்மா. இன்னிக்கே தின்னுடணும். பூண்டும் மிளகும் தட்டிப்போட்டு வதக்குங்க. தண்ணி ஊத்திடாதீங்க, அதுவே விடும்.”

“உள்ள வாங்க, சேந்து சமைப்போம்” என்றேன். களஞ்சியத்தை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தாள். “வேல கெடக்குங்க” என்று சொல்லி நடையைக் கட்டினாள். வேலைநிறுத்தத்தில் இருப்பவளுக்கு என்ன வேலை என்று நான் கேட்கவில்லை.

சந்தையில் ஆசையாக ஓர் இரும்புச் சட்டி வாங்கி வைத்திருந்தேன். இரும்புச் சட்டியில் சமைத்து எலுமிச்சம்பழம் பிழிந்தால் ரத்தசோகை பறந்துவிடும் என்பது பயிற்சி நிலையப் பாடம். சட்டியைத் துணியால் துடைத்து அடுப்பில் ஏற்றினேன். நல்லெண்ணெய், சின்ன வெங்காயம், தட்டிய பூண்டு. காளானைக் கொட்டியதும் அவள் சொன்னபடியே தண்ணீர் விட்டுக்கொண்டது. அது சுண்டியதும் மிளகைப் போட்டு, பாடத்தின்படி ஒரு முழுப் பழத்தையும் பிழிந்தேன். அப்போதுதான் அம்மா சொன்னது ஞாபகம் வந்தது. காளானோடு நாலு அரிசி போட வேண்டும், அரிசி கறுத்தால் அது நச்சுக் காளான். நாலு அரிசியையும் போட்டேன்.

போட்டவள் பார்க்க வேண்டுமா இல்லையா? பார்க்கவில்லை. வாசனை அப்படி. ஒரு படி இருந்த காளான் ஒரு கைப்பிடியாகச் சுருங்கிப்போயிருந்தது. சட்டியோடு இறக்கி வைத்து, பழைய சோற்றுக்குத் தொட்டுக்கொண்டேன். அந்த ஊருக்கு வந்த நாலு மாதத்தில் ருசித்துச் சாப்பிட்டது அன்றைக்குத்தான். முக்கால்வாசி தீர்ந்த பிறகு சட்டியின் அடியில் பார்த்தேன். நாலு அரிசியும் எள்ளைப் போல் கறுத்துக் கிடந்தன. காளானும் கறுப்பு. என் விரலும் கறுப்பு.

நாக்கு மரத்தது. (மிளகு.) நெஞ்சு படபடத்தது. (பயம்.) அம்மாவுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். ‘அம்மா’ என்பதற்கு மேல் பேனா நகரவில்லை. இந்த ஊரில் யாருக்கு எழுதலாம் என்று யோசித்தேன். ஒரு பெயர்கூட வரவில்லை. சாகப் போகிறோம் என்பதைவிட அதற்குத்தான் எனக்கு அழுகை வந்தது. கடைசியில், எனக்கு வழக்கமாகக் கடிதம் போடும் ஒரே மனிதரான என் மேலதிகாரி பி.டி.ஓ.வுக்கு எழுதினேன்.

‘மதிப்பிற்குரிய ஐயா, பொருள்: காளான் வறுவல் உண்டது – தொடர்பாக. பார்வை: இல்லை. இன்று பிற்பகல் ஒரு மணியளவில், கூலிக்காரத் தெருவைச் சேர்ந்த தையல்நாயகி என்பவர் அளித்த காளானை நான் சமைத்து உண்டேன் என்பதையும், அது நச்சுக் காளான் எனப் பின்னர் தெரியவந்தது என்பதையும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். எனவே நாளை முதல் பணிக்கு வர இயலாது. சங்கத்தின் பாய் பன்னிரண்டும் தையல் இயந்திரம் ஒன்றும் நல்ல நிலையில் உள்ளன. தங்கள் கீழ்ப்படிதலுள்ள…’

தையல்நாயகிமேல் தவறில்லை என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். தோன்றவில்லை. பிறகு, இருந்த ஒரே பட்டுப் புடவையைக் கட்டி, தலைவாரி, கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக் கையைக் கூப்பியபடி பாயில் படுத்துக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து மிராசுதாரின் காரியக்காரர் வந்தார். பண்ணை நிர்வாகம் முழுக்க அவர் கையில். வெளியூர் அறுப்பு ஆட்களைத் தங்க வைக்கக் களஞ்சியம் வேண்டும் என்று கேட்க வந்தவர், பட்டுப் புடவையில் என்னைக் கண்டதும் திகைத்துப்போனார். கடிதத்தை எடுத்து வாசித்தார். முகத்தில் முதலில் கவலை வந்தது. அதைத் தள்ளிக்கொண்டு சந்தோஷம் வந்தது.

“பாத்தீங்களாய்யா!” என்று வாசலில் நின்று கத்தினார். “கொடி புடிச்சவளுவ சட்டியில விஷம் வைக்க ஆரம்பிச்சுட்டாளுவ! யாராவது ஸ்டேஷனுக்கு ஓடுங்க! இந்தக் கடுதாசி ஒண்ணு போதும்!”

டாக்டருக்கு ஆள் அனுப்பச் சொல்லவில்லை என்பதைப் படுத்தபடியே கவனித்தேன். இரண்டு தெருவும் வாசலில் திரண்டுவிட்டன. நாலு மாதமாக எட்டிப் பார்க்காத அத்தனை பேரும் வந்திருந்தார்கள். அந்த நாட்களில் கூலிக்காரத் தெரு ஆட்களை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனால் எப்போது திரும்புவார்கள், எப்படித் திரும்புவார்கள் என்று சொல்ல முடியாது. என் கையெழுத்தில் ஒருத்தியின் பெயரை எழுதிக் கொடுத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

தையல்நாயகி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். வாசற்படியில் ஒரு நொடி நின்றாள். பிறகு உள்ளே வந்தாள்.

“எங்க அந்தச் சட்டி?”

காட்டினேன். முகர்ந்து பார்த்தாள். விரலால் அடியைத் தேய்த்துப் பார்த்தாள்.

“புதுச் சட்டியா?”

“ஆமா.”

“பழக்குனீங்களா?”

“தொடச்சேன்.”

“புளிப்பு எதுனா ஊத்துனீங்களா?”

“எலுமிச்சம்பழம். ஒண்ணு. சத்துக்காக.”

வாசலில் ஒரு பெண் சிரித்தாள். எந்தத் தெருப் பெண் என்று தெரியவில்லை. அடுத்த நிமிடம் இரண்டு தெருப் பெண்களும் சேர்ந்து சிரித்தார்கள். புது இரும்புச் சட்டியை அரிசி கழுவிய தண்ணீர் ஊற்றி ஒரு வாரமாவது பழக்காமல் சமைத்தால் எதுவும் கறுக்கும் என்பது அந்த ஊரில் பாவாடை கட்டத் தெரிந்த எல்லாருக்கும் தெரிந்திருந்தது. தையல்நாயகி மட்டும் சிரிக்கவில்லை. காரியக்காரரைப் பார்த்தபடியே மிச்சக் காளானை வழித்து வாயில் போட்டு மென்று விழுங்கினாள்.

“உப்புப் பத்தல” என்றாள்.

காரியக்காரர் கனைத்துக்கொண்டார். “சரி, வெஷம் இல்லன்னே இருக்கட்டும். காளான் எங்க போர்ல பறிச்சது. அது திருட்டுதான? இதுல பேரு இருக்கில்ல” என்று கடிதத்தைப் பைக்குள் வைக்கப் போனார்.

செத்துக்கொண்டிருந்த நான் துள்ளி எழுந்தேன். கடிதத்தை அவர் கையிலிருந்து பிடுங்கி அடுப்பில் போட்டேன். தணல் இருந்ததால் உடனே பற்றிக்கொண்டது. அரசாங்க ஊழியர் ஒருத்தி அரசாங்கத்துக்கு எழுதிய கடிதத்தை எரித்தாள் என்று அவர் மேலே எழுதிப் போட்டு, எனக்கு மெமோ வந்து, தை மாதமே மாற்றலும் வந்தது தனிக் கதை.

கூட்டம் கலைந்தது. தையல்நாயகி போகாமல் நின்றாள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

“பேர எழுதுனீங்க, சரி. பயத்துல எழுதிட்டீங்க” என்றாள். “ஆனா கூப்புடு தூரத்துலதானே இருக்கேன்? சாவப்போறமுன்னு தெரிஞ்சப்புறமும் ஒரு கொரல் குடுக்கத் தோணல பாருங்க.”

அவள் சட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். எட்டாம் நாள் பழக்கிக் கொண்டுவந்து கொடுத்தாள். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை. என்னிடம் முன்போலப் பேசினாளா என்றால், முன்பைவிட ஒரு பிடி குறைவாகத்தான் பேசினாள். அது எனக்கு நியாயமாகவே பட்டது.

இந்தக் கதையை என் வீட்டுக்காரர் கல்யாணமான புதிதில் என் வாயிலிருந்து பிடுங்கி, சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் பரப்பிவிட்டார். இன்றுவரை எங்கள் வீட்டில் யாருக்குத் தலைவலி வந்தாலும் அந்தக் கடிதத்தின் பாணியில்தான் அறிவிப்பு. போன வாரம், வெளியூரில் தனியாக இருந்து வேலை பார்க்கும் என் மகள் செல்போனில் செய்தி அனுப்பியிருந்தாள்: ‘மதிப்பிற்குரிய அம்மா, பொருள்: காய்ச்சல் – தொடர்பாக. பார்வை: இல்லை.’

விழுந்து விழுந்து சிரித்தேன். அப்புறம் உடனே அவளைக் கூப்பிட்டேன்.

“பக்கத்து வீட்டுல சொன்னியாடி?”



“அவங்க பேரே தெரியாதும்மா.”