வெள்ளைச் சேவலின் வாரிசுகள்

முட்டை ஒன்பது, குஞ்சு ஒன்பது. வெள்ளை மட்டும் ஒன்றுகூட இல்லை.

கிசா மண்டியிட்டு மறுபடியும் பார்த்தான். ஐந்து கறுப்பு, நான்கு செவலை. தவிட்டு நிறத் தாய்க்கோழி பெருமையாகக் கொக்கரித்தது.

"தெருவுல திரியுற செவலைச் சேவலோட வேலைதான் இது," என்றான் மனைவி நசாம்புவிடம். "நாளைக்கு உன் அத்தை வந்து பார்த்தா என்ன சொல்றது?"

"அவங்க குடுத்த வெள்ளைச் சேவலை அறுத்தப்ப அத்தை ஞாபகம் வரலையா?"

"அன்னிக்கு அண்ணன் கூட்டாளிகளோட வந்து நிக்கிறான். கோழி போடாம வெறும் ஊகாலிக் களியும் கீரையும் வெச்சு அனுப்பவா? மானம் போயிடும்!"

"இரைப்பையை மட்டும் யாருக்கும் விடாம நீங்கதானே தின்னீங்க!"

வீட்டுத் தலைவன் என்றால் கோழியின் இரைப்பை அவனுக்குத்தான் என்பது ஊர் வழக்கம். அதில் பேச்சுக்கே இடமில்லை. ஆனால் சேவலைக் கொடுத்தபோது அத்தை நாகுமிச்சா சொன்னதுதான் இப்போது காதுக்குள் குடைந்தது. "இதுக்குப் பொறந்த குஞ்சைக் காட்டு மாப்பிள்ளை. என் கிடாரிக் கன்னு உனக்குத்தான். ஒரு சேவலையே பார்த்துக்கத் தெரியாதவன் கையில மாட்டைக் குடுக்க மாட்டேன்." வந்த பத்தாம் நாளே அந்தச் சேவல் குழம்பாகிவிட்டது.

கிசா வேலி தாண்டி ஓடினான். பக்கத்து வீட்டு நெலிமாவிடம் கோழி, சேவல், அந்த வாரம் பொரித்த குஞ்சுகள் எல்லாமே வெள்ளை.

"சேவலை ஒரு நாள் இரவல் குடு, நெலிமா. குஞ்சை வேணா மாத்திக்கலாம்."

"தாராளமா! வெள்ளைன்னா பருந்து கண்ணுல சட்டுனு படுது. ஆனா மாத்தினது மாத்தினதுதான், திருப்பிக் கேக்கக் கூடாது."

ஒன்பதுக்கு ஒன்பது மாற்றினார்கள். தவிட்டுக் கோழி வெள்ளைக் குஞ்சுகளைக் கொத்தி விரட்டியது. எனவே கோழியும் மாற வேண்டியதாயிற்று. இரவல் சேவலோ தன் வீட்டுக்கே ஓடியது. மூன்று முறை துரத்திப் பிடித்து, முழங்கை சிராய்த்துக்கொண்டு, மக்காச்சோளக் குதிரின் காலில் அதைக் கட்டிப்போட்டான். கடைசியில் அவன் முற்றத்தில் அவனுடையது என்று சொல்ல ஒரு இறகுகூட இல்லை.

மறுநாள் அத்தை கன்றைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு கரும்புத் தோட்டத்து வழியாக நடந்தே வந்தாள்.

"சேவல் கொழுத்துத்தான் இருக்கு. ஏன் கட்டிப் போட்டிருக்கே?"

"நீங்க வர்ற நேரம் பார்த்து எங்கேயாவது மேயப் போயிடக் கூடாதுல்ல, அத்தை."

அத்தை சிரித்தாள். கயிற்றை அவன் பக்கம் நீட்டினாள். "சரி, குஞ்சைக் காட்டு."

கிசா கூடையைத் தூக்கினான். ஒன்பதும் வெள்ளை வெளேரென்று ஓடின. அத்தை குனிந்து நெடுநேரம் பார்த்தாள். கயிறு மெல்ல அவள் பக்கமே திரும்பிப் போனது.

"என்ன மாப்பிள்ளை இது? அஞ்சு வருஷம் என்கிட்ட இருந்த சேவல், அதுக்கு ஒரு வெள்ளைக் குஞ்சுகூடப் பொறந்ததே இல்லையே. அதோ, வேலிக்கு அந்தப் பக்கம் கறுப்பும் செவலையுமா மேயுது பாரு, அதோட குஞ்சுங்க அச்சு அசலா அப்படித்தான் இருக்கும்!"