தொரைக்கு ஜன்னல் வழிச் சாப்பாடு

தண்ணீரில் விரலை விட்டு நாக்கில் வைத்து, "இன்னும் ஒரு குத்து உப்பு சேரோணும்" என்று சொல்லி, பிறகு கருவி போட்டு அளந்தாலும் அதே கணக்கு வருகிற மனிதர் பூலோகத்தில் ஒருவர்தான் பிறந்தார். அவர் திருப்பூர் ராயபுரத்தில் எனக்கு எதிர்வீட்டில் இருந்தார். அது நான் செய்த புண்ணியமா பாவமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

சாயப்பட்டறையில் டையிங் மாஸ்டர் அவர். பனியன் துணியில் சாயம் பிடிக்க மூட்டை மூட்டையாக உப்புக் கொட்டுவார்கள். அந்த உப்புக்கு அதிபதியாக இருந்ததால் ஊருக்கு அவர் 'உப்பு மாஸ்டர்'. சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும் தெரியும். கல்யாண வீட்டில் அவர் பந்தியில் உட்கார்ந்தால் சமையல்காரர் பின்வாசல் பக்கம் போய்விடுவார். மாஸ்டர் ரசத்தை ஒரு சொட்டு நாக்கில் வைத்துக் கண்ணை மூடுவார். அவர் கண்ணைத் திறக்கும் வரை மாப்பிள்ளை வீட்டாருக்கும் மூச்சு வராது.

ஊரில் எல்லோரும் கையில் கொஞ்சம் காசு பார்த்த காலம் அது. ஒருவர் கார் வாங்கினார், ஒருவர் மாடி எடுத்தார். மாஸ்டர் கடல் வாங்கினார்.

கடல் என்றால் அவர் வீட்டு ஹாலில், தெருப்பக்க ஜன்னலை ஒட்டிப் பெரிய கண்ணாடித் தொட்டி. அதற்கு இடம் விட்டு டிவி சமையலறைக்குக் குடிபோனது. அன்றிலிருந்து அவர் மனைவி, எனக்கு அக்கா, இட்லி ஆவிக்கு நடுவில்தான் சீரியல் பார்த்தார். சீரியல் மாமியார்காரி எப்போதும் மேகத்துக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருக்குமாம். கரண்ட் போனால் வீட்டில் விசிறி நிற்கும், தொட்டியின் மோட்டார் நிற்காது. இன்வெர்ட்டரே அதற்காகத்தான்.

சென்னையிலிருந்து கடல்மீன் தொட்டிக்கென்றே தனி உப்பு வந்தது. மாஸ்டர் அதைக் கரைத்துத் தினமும் ருசி பார்த்தார். எல்லாம் சரியானதும் ரயிலில், பிராணவாயு அடைத்த பையில், மடியில் வைத்து ஒருவரைக் கொண்டுவந்தார். சிங்கமீன்.

நான் அப்போது ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். எதைப் பார்த்தாலும் பழுது தேடுகிற கண். அந்த மீனைப் பார்த்ததும், பிரிண்டிங்கில் கோடு விலகிப்போன செகண்ட்ஸ் பீஸ் என்று முடிவு செய்தேன். செங்காவியும் வெள்ளையுமாக வரிகள், இரண்டு பக்கமும் பனை விசிறி மாதிரித் துடுப்புகள், முதுகில் வரிசையாக முள். ஒவ்வொரு முள்ளிலும் விஷம். இதை மாஸ்டர் சொன்னபோது நான் ஏற்கெனவே மூக்கைக் கண்ணாடியில் வைத்திருந்தேன். அடுத்த நொடி வாசலில் நின்றேன். நடுவில் நடந்தேனா பறந்தேனா என்று இன்றுவரை தெரியாது.

அதற்கு அவர் வைத்த பெயர் தொரை. காரணம், துரைமார் தோரணையில், செத்த எதையும் அது சாப்பிடாது. கடைக்காரர் சொன்னபடி முதலில் உயிரோடு சின்னத் தங்கமீன்களை வாங்கிப் போட்டார். பிறகு யாரோ, தங்கமீன் அதற்கு ஆகாது, வெறும் கொழுப்பு, தினமும் புரோட்டா தின்கிற மாதிரி, ஈரல் கெட்டுவிடும் என்று போனில் சொல்லிவிட்டார்கள். மாஸ்டருக்கு அன்று சோறு இறங்கவில்லை. மறுநாளே இறாலுக்கு மாறினார்.

இறாலைத் தொரையின் வாய்க்குத் தகுந்தபடி நறுக்கி, பட்டறை லேப்பில் கலர் கலக்குகிற கண்ணாடிக் குச்சியின் நுனியில் செருகித் தண்ணீருக்குள் விடுவார். கண்ணாடி என்பதால் குச்சி அதன் கண்ணில் படாது. மணிக்கட்டை லேசாக ஆட்டுவார், இறால் உயிரோடு நீந்துவதுபோல் இருக்கும். தொரை நம்பவில்லை. பல நாள் உண்ணாவிரதம். மாஸ்டரும் கூடவே இளைத்தார். ஒருநாள் தொரை விசிறிகளை விரித்து, மெதுவாக நகர்ந்து வந்து, வாயை ஒரு திறப்பு. இறாலைக் காணோம். அன்று தெரு முழுக்க ஜிலேபி வந்தது. "பேரனுக்குக் காது குத்தறப்பக் கூட இவரு தெருவுக்குக் குடுக்கல" என்று அக்கா தட்டை நீட்டும்போதே சொன்னார்.

ஒருநாள் விட்டு ஒருநாள்தான் சாப்பாடு. அதற்கு மேல் கொடுத்தால் ஆகாது என்பது மாஸ்டரின் சட்டம். ஆனால் தொரை தினமும் கண்ணாடிக்கு முன்னால் வந்து, பெற்றவர்கள் கைவிட்ட பிள்ளையைப்போல் பார்க்கும். வருகிற ஒறம்பரை, விருந்தாளியெல்லாம் உச்சுக் கொட்டுவார்கள். "நடிக்கிதுங்க, நம்பாதீங்க" என்பார் மாஸ்டர், அவர்களைவிட அதிகமாக இளகிப்போன குரலில்.

தை மாதம் வந்தது. மாஸ்டர் வருடாவருடம் மாலை போட்டுப் பழனிக்கு நடக்கிறவர். பட்டறையில் வேலை நெருக்கடி, அந்த வருடம் மாலை போட்ட மறுநாளே நடை. விரதம் இருக்கிற வீட்டில் இறாலா? அக்கா தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "கவுச்சி நெலவுப்படி தாண்டக் கூடாதுங்க. உங்க தொரை வேணும்னா பழம் திங்கட்டும்."

தொட்டியைத் தூக்கி வேறிடம் வைக்க முடியாது. மாஸ்டர் தாடையைத் தடவிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார். பிறகு ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க தம்பி, நீங்க தூத்துக்குடிப் பக்கமல்லங்க? கடல்ல பொறந்து வளந்தவரு."

என் ஊருக்கும் கடலுக்கும் நடுவில் பனங்காடும் செம்மண் தேரியும் கிடக்கின்றன. மீனை நான் முதன்முதலில் சந்தித்ததே குழம்பில்தான். ஆனால் திருப்பூர்க்காரர்களுக்கு மதுரையைத் தாண்டினால் எல்லோரும் கட்டுமரம் ஓட்டுகிறவர்கள். நான் வாய் திறப்பதற்குள் ஏற்பாடு முடிந்துவிட்டது. இறால் என் வீட்டு ஃப்ரிட்ஜில் இருக்கும். நான் தெருவில் நின்று ஜன்னல் கம்பி வழியாகக் குச்சியை நீட்டி ஊட்டுவேன். ஜன்னலுக்கு நிலைப்படி கிடையாது என்று மாஸ்டர் வாதாடினார். அக்கா யோசித்து, "செரி, ஆனா ஒரு சொட்டுக்கூட தரையில விழுகக் கூடாது" என்று அனுமதித்தார்.

குச்சி எட்டவில்லை. பனியன் இடுப்புக்கு வைக்கிற எலாஸ்டிக்கால் அதை ஒரு மூங்கிலோடு கட்டிக்கொடுத்தார். கடைசியாக ஒரு வார்த்தை: "முள்ளு பட்டுச்சுன்னா பயப்படாதீங்க தம்பி. கை பொறுக்கற அளவு சுடுதண்ணியில வெச்சீங்கன்னா வலி அடங்கும். அப்பறம் டாக்டர்கிட்ட போயிருங்க." பயப்படாதே என்று சொல்லிவிட்டு ஒருவர் சொல்கிற அடுத்த வாக்கியம்தான் பயம்.

முதல் நாள் நான் போன கோலத்தை என் மனைவி இன்னும் விருந்தாளிகளுக்கு நடித்துக் காட்டுகிறாள். சாயப்பட்டறை ரப்பர் கையுறை முழங்கை வரை. தலையில் ஹெல்மெட். பக்கத்தில் ஸ்டூலில் வெந்நீர்ச் சட்டி.

"மீனுக்கு யாராச்சும் ஹெல்மெட் போட்டுட்டுச் சாப்பாடு போடுவாவளா?" என்றாள்.

"வெசம்லா" என்றேன், கண்ணாடி மூடிக்குள்ளிருந்து.

குச்சியை நீட்டினேன். தொரை என்னைப் பார்த்தது. ஹெல்மெட்டைப் பார்த்தது. திரும்பிக்கொண்டு முதுகைக் காட்டியது, அதாவது அத்தனை முள்ளையும். இறால் கழன்று அடியில் விழுந்தது. தின்னாததை உடனே எடுக்காவிட்டால் தண்ணீர் கெட்டுவிடும் என்பதும் மாஸ்டர் சட்டம். வலையை விட்டுத் துழாவினேன். சுருக்கென்று விரலில் ஏதோ ஏறியது. ஐயோ என்று கையுறையை உதறிவிட்டுக் கையைச் சட்டிக்குள் விட்டேன். பொறுக்கிற சூடா என்று பார்க்க நேரம் இருக்கவில்லை. பிறகு பார்த்தால், குத்தியது ஜன்னல் கம்பியில் நீட்டிக்கொண்டிருந்த கட்டுக்கம்பி. சிங்கமீன் செய்யாததை வெந்நீர் செய்திருந்தது. கொப்புளத்துக்கு அக்காதான் மருந்து கொடுத்தார், அதுவும் ஜன்னல் வழியாக. கையில் இறால் வாசம் இருந்ததே.

அடுத்த முறையும் தொரை சாப்பிடவில்லை. விசாரித்ததில், என் மனைவி பழக்கதோஷத்தில் இறாலை மஞ்சள்தூள் போட்டு அலசியிருந்தாள். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் மிளகாய்ப்பொடியும் விழுந்திருக்கும். புதிதாக வாங்கி வெறுமனே கழுவி நீட்டினேன். அதற்கும் முதுகுதான். நான் பனியனில் ஓட்டை தேடுகிற கண்ணால் உற்றுப் பார்த்தேன். அதன் வயிறு பந்து மாதிரி இருந்தது. பட்டினியில் வீங்கிவிட்டது என்று எனக்குள் சங்கு ஊதியது. நான் ஊட்டப்போய் ஒரு கடலே செத்தது என்று ராயபுரம் காலாகாலத்துக்கும் பேசும்.

அக்காவிடம் சொன்னேன், மாஸ்டர் போன் செய்தால் விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்று. அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாமுங்க தம்பி. போன வருசம் ஒரு லாட்டு துணி கலர் மாறிப்போச்சுன்னு பட்டறையில ஆள் விட்டுக் கூப்பிட்டாங்க, பாதி வழியில திரும்பிட்டாரு. வருசம் பூரா அத நெனச்சு நெனச்சு மனுசன் சரியாத் தூங்கல. இது சாப்டலீன்னு தெரிஞ்சா இந்த வருசமும் திரும்பிருவாரு. இவரு மல ஏறோணும். நீங்க எப்படியாச்சும் இதத் திங்க வையுங்க."

அதன்பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து முயன்றோம். நான் வெளியிலிருந்து குச்சியை ஆட்ட, அக்கா உள்ளே தொட்டிக்கு முன்னால் நின்று, மாஸ்டர் ஆட்டுவதுபோலவே மணிக்கட்டை ஆட்டினார். பழம் தின்னட்டும் என்று தீர்ப்புச் சொன்ன அதே அக்கா, "ஒரே ஒரு வாயி, சாமி, ஒரே ஒரு வாயி" என்று கெஞ்சினார். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். ஹெல்மெட்டும் கையுறையுமாக நின்ற என்னைக் கரண்ட் ஆபீஸ் ஆள் என்று நினைத்து ஒருவர், மீட்டர் கெட்டுவிட்டதா என்று கேட்டார்.

அந்த நேரத்தில்தான் உள்ளே போன் அடித்தது. தாராபுரம் தாண்டி ஒரு பூத்திலிருந்து மாஸ்டர். அக்கா இருந்த பதற்றத்தில் ஸ்பீக்கரை அமுக்கிவிட்டார்.

"தொரை சாப்டுச்சா?"

அக்கா என்னைப் பார்த்தார். பொய் சொல்லவும் கூடாது, விரதம். "தம்பி இங்கதானுங்க நிக்கறாரு. குடுத்துட்டே இருக்கறாரு."

"செரி, போன தொட்டிகிட்ட வையி."

அக்கா போனை வயர் இழுபடத் தூக்கிவந்து தொட்டியின் மூடிமேல் வைத்தார். மோட்டார் சத்தம் அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும். மாஸ்டரின் குரல் தணிந்தது. தொரையைத் தவிர யாரும் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டார்.

"தொரை, நாந்தானுங்க. கோவிச்சுக்காதீங்க சாமி. அந்தத் தம்பி தங்கமானவருதான், ஆனா கை நடுங்குது. அதுனாலதான் மாலை போடறதுக்கு முந்தின நாளு, நாங்க கறி தின்னாப்பல உங்களுக்கும் வயிறு முட்டப் போட்டேன். நான் வர்ற வரைக்கும் தாங்கும். அவரு குடுத்தா வாங்கிக்குங்க. வேண்டாம்னா வெடுக்குனு திரும்பிக்காதீங்க, மெதுவா நகந்துக்குங்க. அவரு மனசு சங்கடப்படும்."

நான் ஹெல்மெட்டைக் கழற்றினேன். விரதத்துக்கு முதல் நாள் வீடே கூடிக் கறி தின்று தீர்ப்பது ஊர் வழக்கம். மீனுக்கும் அதைச் செய்தவர் இவர் ஒருவர்தான். பட்டினி வயிறு என்று நான் பயந்தது ஏப்பம் விடத் தெரியாத வயிறு.

"ஏனுங்க" என்றார் அக்கா, போனுக்குள் குனிந்து. "எத்தன போட்டீங்க?"

அந்தப் பக்கம் லாரி போகிற சத்தம் மட்டும்.

"ஒரு பொட்டலம்."

"ஒரு பொட்டலமா?"

"ரெண்டுன்னு வெச்சுக்கலாம்." லைன் போய்விட்டது. பூத்தில் சில்லறை தீர்ந்துவிட்டதாகப் பின்னால் சொன்னார். நாங்கள் நம்பவில்லை.

அவர் மலை ஏறினார். மொட்டை அடித்து, பஞ்சாமிர்த டப்பாக்களோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். மாலையைக் கோயிலிலேயே கழற்றியாகிவிட்டது, அதனால் இனி வீட்டுக்குள் இறால் வரலாம். கால் கழுவின ஈரத்தோடு தொட்டிக்கு முன்னால் போய்க் குச்சியை விட்டார். பளபளவென்ற அந்தத் தலையைப் பார்த்ததும் தொரை பாறைக்குப் பின்னால் போய்விட்டது. துண்டைக் கட்டிக்கொண்டு வந்து பார்த்தார். அதற்கும் வரவில்லை. உள்ளே அக்கா சிரிப்பை அடக்கமுடியாமல் சமையலறைக்குப் போனார்.

மாஸ்டர் மெதுவாக வெளியே, தெருவுக்கு வந்தார். மூங்கில் கட்டின குச்சியை என் கையில் கொடுத்தார். "நீங்களே குடுங்க தம்பி."

கையுறை இல்லை, வெந்நீர் இல்லை. கை நடுங்கியது. ஒருவேளை அந்த நடுக்கம்தான் இறாலுக்கு உயிர் கொடுத்ததோ என்னவோ. விருந்தெல்லாம் செரித்துப்போன தொரை பாறையைச் சுற்றி வந்து, விசிறியை விரித்து, என்னை ஒரு பார்வை பார்த்து, வாயைத் திறந்தது. இறாலைக் காணோம். நான் குச்சியைக் கீழே போடாதது முருகன் செயல், நான் தேவாலயத்துக்குப் போகிறவனாக இருந்தாலும்.

 மாஸ்டர், பாதம் இரண்டும் வெடித்து, செருப்புப் போட முடியாமல், பாதத்தின் ஓரத்தைத் தரையில் ஊன்றி நின்றுகொண்டிருந்தார்.

"வழியில ஒரு நாளும் தொரையப் பத்தி எனக்குக் கவலையே இல்லீங்க தம்பி" என்றார். "நீங்க இருக்கீங்கங்கற தைரியத்துலதான் நடந்தேன்."

போனில் பேசியதை நான் கேட்டுவிட்டேன் என்பது, அக்கா நடுவில் குறுக்கிட்டபோதே அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். அத்தனை தூரம் நடந்து வந்த காலோடு நின்று, எனக்காக அப்படி ஒரு பொய் சொன்ன மனிதர் இதுவரை அவர் ஒருவர்தான்.