துணைக்கு ஒரு இழுப்பு

கட்டிலுக்கடியில் துடைப்பத்தை விட்டுக் குடைந்தபோது டங்கென்று ஏதோ இடித்தது. இழுத்துப் பார்த்தால் ஹூக்கா. கண்ணாடிக் குடுவை, பித்தளைத் தண்டு, சுருட்டி வைத்த குழாய், கூடவே மாம்பழ வாசனையில் ஒரு புகையிலை டப்பா. கட்டில் கல்லூரியில் படிக்கும் மகனுடையது. ஃபில்டர்காரர் துடைப்பமும் கையுமாகத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

வீடு வீடாகப் போய்க் குடிதண்ணீர் ஃபில்டர் பழுதுபார்க்கிறவருக்குக் குடுவையையும் குழாயையும் கண்டு என்ன பயம்? அவருடைய பயம் வேறு. போன வருஷம் அவர் மனைவி மூச்சுக்குத் தவித்துத் தவித்துத்தான் போய்ச் சேர்ந்தாள். அதற்குப் பிறகு அப்பாவுக்கும் பிள்ளைக்கும் நடுவே "சாப்பிட்டியா", "ம்" தவிர வேறு பேச்சில்லை. இப்போது திட்டினால் அந்த "ம்" கூட மிஞ்சாது.

கூட வேலை பார்க்கும் வேன் டிரைவரிடம் புலம்பினார்.

"திட்டுனீங்கன்னா வெளியில போய்ப் பிடிப்பான்ணே. தோளுக்கு மேல வளந்த புள்ள. கூட உக்காந்து ரெண்டு இழுப்பு இழுங்க, தானா வழிக்கு வருவான்."

"புகையாச்சேப்பா."

"இது என்ன சிகரெட்டா? பழ வாசனை. அதுவும் தண்ணிக்குள்ள குளிச்சிட்டுல்ல வருது. ஃபில்டர் பண்றதப் பத்தி உங்களுக்கு நான் சொல்லணுமா?"

தொழிலைச் சொல்லி இழுத்ததும் மனிதர் விழுந்துவிட்டார்.

மாலையில் மகன் வந்தபோது கூடத்தின் நடுவில் ஹூக்கா ஜம்மென்று வீற்றிருந்தது. பையன் முகம் வெளிறிப்போயிற்று.

"அப்பா, அது வந்து..."

"ஒண்ணும் சொல்லாத. நான் கோவிக்கல. நானும் உன்கூடப் பிடிக்கிறேன்."

"நீங்களா?"

"ஏன், கூடாதா? தனியா சுவத்தப் பாத்துக்கிட்டு எவ்வளவு நேரம்டா உக்காந்திருக்கிறது? எனக்கும் ஒரு துணை வேண்டாமா?"

மகன் அவரையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு மெல்ல வந்து எதிரில் உட்கார்ந்தான். கரித்துண்டை எங்கே வைப்பதென்று தெரியாமல் விழித்தான். அப்பா முன்னால் நடிக்கிறான் பாவம் என்று அவரே தட்டுத்தடுமாறி வைத்துக் கொடுத்தார். முதல் இழுப்பிலேயே பையனுக்குக் கண்ணில் நீர் கொட்டியது.

"கூச்சப்படாம இழுடா" என்று முதுகில் தட்டினார்.

இருவரும் இருமினார்கள். இருமியதற்குச் சிரித்தார்கள். சிரித்த சிரிப்பில் அவள் பேச்சு வந்தது. அவள் இருந்திருந்தால் இரண்டு பேரையும் இந்தத் துடைப்பத்தாலேயே விளாசியிருப்பாள் என்றான் மகன். ஒரு வருஷத்தில் அந்தக் கூடத்தில் அவளைப் பற்றிப் பேசியது அதுதான் முதல் தடவை. ஃபில்டர்காரருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது, பாதி புகையால்.

அதற்குமேல் தினமும் சாயங்காலம் கச்சேரிதான். மெதுவாகக் குறைத்துவிடலாம் என்று அவர் போட்ட கணக்கெல்லாம் தப்பாகவே போயிற்று. குடுவையில் தண்ணீரைக் கூட்டினார். புகை வரவில்லையென்று பையன் தம் கட்டி இழுத்தான். தன் பையிலிருந்து தண்ணீர் வடிகட்டும் கார்பன் துண்டை எடுத்துக் குழாயில் செருகினார். தொண்டையில் எரிச்சல் குறைந்ததும் இரண்டு பேரும் முன்னைவிட அதிக நேரம் உட்கார்ந்தார்கள். டப்பாவை அரிசிக்குள் ஒளித்து வைத்தார். சோறு மாம்பழமாக மணந்தது, மகன் கடைக்குப் போய்ப் புதினா வாசனையில் புதிதாக ஒன்று வாங்கி வந்தான்.

ஒருநாள் கச்சேரிக்கு நடுவில் எழுந்து கூடத்து மாடிப்படி ஏறும்போது பையன் பாதியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். மூச்சு விசிலடித்தது. அந்தச் சத்தம் ஃபில்டர்காரருக்குப் பழக்கம். அவளும் கடைசியில் அந்தப் படியில்தான் நிற்பாள்.

"போதும்டா கண்ணு. இன்னையோட விட்டுடலாம்."

"நீங்க விட்டுடுங்கப்பா." மகன் நிமிர்ந்து பார்க்கவில்லை. "நான் முயற்சி பண்ணிப் பாத்துட்டேன். சாயங்காலமானா முடியல."

வாசல் மணி அடித்தது. மகனுடன் படிக்கும் நெட்டையன். தலையைக் குனிந்து உள்ளே வந்தவன், கூடத்தில் புகைந்துகொண்டிருந்ததைப் பார்த்து அப்படியே நின்றான். மகன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

"நல்ல வேளை வந்த தம்பி" என்றார் ஃபில்டர்காரர். "என் பிள்ளைக்கு இந்தப் பாழாப்போன பழக்கத்த எவன் கத்துக்குடுத்தான்னு நீயாவது சொல்லு."

நெட்டையன், சாத்தியிருந்த கதவையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இது என்னுதுங்க அங்கிள், உங்க பையன்தான் 'எங்கம்மா மூச்சுக்குத் தவிச்சதப் பாத்தவன் நான், நீ இதத் தொடக்கூடாது'ன்னு சண்ட போட்டு எங்கிட்டருந்து பிடுங்கிட்டு வந்தான், நான் விட்டுட்டேன்னு அவங்கிட்ட சொல்லத்தான் வந்தேன்."