மச்சானுக்குப் போட்ட மாலை

மரியாதை தெரியாதவனால் கல்யாணத்தில் வரும் சண்டையை எப்படியாவது பேசித் தீர்த்துவிடலாம். மரியாதை அளவுக்கு மிஞ்சித் தெரிந்தவனைத்தான் பந்தலுக்குள் விடவே கூடாது. எழுபதுகளின் கடைசியில் திருப்போரூர் கோயிலில் நடந்த ஒரு கல்யாணத்தில் அப்படி ஒருவன் புகுந்துவிட்டான். பிடித்து வெளியே தள்ளவும் வழியில்லை, ஏனென்றால் மாப்பிள்ளையே அவன்தான். (ஆமாம், நானேதான்.)

பெண் செங்கல்பட்டு, பெயர் அலமேலு. அப்பா இல்லாத வீடு. அந்த இடத்தில் இருந்தவர் அண்ணன் ஏகாம்பரம். சரக்குக் கப்பலில் மெக்கானிக்காக வேலை பார்த்தவர், அமெரிக்கத் துறைமுகம் ஒன்றில் கப்பலின் அடித்தளத்துக்குள் விழுந்ததில், கழுத்தில் தண்டுவடம் நசுங்கிப்போனது. கழுத்துக்குக் கீழே அசைவில்லை. மூச்சை இழுக்கும் உதரவிதானத் தசைக்கும் மூளையின் சேதி போய்ச் சேரவில்லை. அந்த ஊர் டாக்டர்கள் அந்தச் சேதியைக் கொண்டுபோக ஒரு கருவியை உடம்புக்குள் வைத்து, அதன் ஒரு பாகத்தை மார்புத் தோலுக்கடியில் புதைத்து அனுப்பியிருந்தார்கள். அதற்கு நேர் மேலே, தோலுக்கு வெளியே, ஒரு கம்பி வளையம் பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருக்கும். வளையத்திலிருந்து ஒயர் மடியிலிருந்த பெட்டிக்குப் போகும். பெட்டி சேதி அனுப்ப அனுப்ப மூச்சு உள்ளே போகும். வளையம் நகர்ந்தால் மூச்சும் நின்றுவிடும்.

வளையம் விஷயமெல்லாம் எனக்குக் கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. பெண் பார்க்கப் போன அன்று நான் பார்த்தது, நாற்காலியில் ஒருத்தர், மடியில் டிரான்சிஸ்டர்.

"சிலோன் எடுக்குங்களா?" என்று கேட்டேன். (எங்கேயாவது வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கிறேனா?)

"சிலோன் எடுக்காது மாப்ள..." அடுத்த மூச்சு வரும்வரை நிறுத்தினார். "மூச்சுதான்... எடுக்கும்."

உள்ளே ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். அந்தச் சிரிப்பிலேயே நான் விழுந்துவிட்டேன். கிளம்பும்போது அவர் சொன்னது மட்டும் மனசைப் பிசைந்தது. "கப்பல்ல வுழுந்தப்போ... சாவுக்குப் பயப்படல மாப்ள... இவ கல்யாணத்த... பாக்காம பூடுவனோன்னுதான்..."

இப்படிப்பட்ட மனுஷருக்கு ஏனோதானோ என்று ஒரு மாலையா? சம்பங்கியும் ரோஜாவும் வைத்து, நெஞ்சை மறைத்து முழங்கால் வரைக்கும் தொங்குகிற மாலை ஒன்றைச் சொல்லிக் கட்டவைத்தேன். வாடாமலிருக்கத் தண்ணீர் வேறு தெளித்துக்கொண்டே வந்தேன். முறைப்படி மாப்பிள்ளையின் அப்பாதான் சம்பந்தி மாலை போட வேண்டும். நான் விடவில்லை. முகூர்த்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் மணையிலிருந்து எழுந்து போய், அப்பா கையிலிருந்து மாலையைப் பிடுங்கி, மச்சான் கழுத்தில் நானே போட்டேன். கையோடு சந்தனத்தையும் கழுத்திலிருந்து சட்டைக்குள் மார்புவரை பூசினேன்.

மச்சான் வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. முகம் கறுத்தது, கண்கள் என்னையே முறைத்தன. எங்கள் பக்கம் கல்யாணங்களில் இந்த முறைப்பு எல்லாருக்கும் தெரியும். மாலை ஒரு சாண் குறைந்தால் வருகிற முறைப்பு.

அப்பா காதருகே வந்தார். "டேய், மால சிறுசுன்னு கோச்சிக்கினாரு போலகீதுடா! எனக்கு வெச்சிருக்கிறத எட்த்துப் போடு!"

போட்டேன். முறைப்பு அதிகமானது.

"இன்னாடா இது, இன்னும் மனசு ஆறல மனுசனுக்கு!"

என் கழுத்து மாலையையே கழற்றப் போனேன். (புத்திசாலி!)

அப்போதுதான் மணையிலிருந்து அலமேலு பாய்ந்து வந்தாள். மூச்சு தடுமாறினால் மச்சானால் கூப்பிட முடியாது, நாக்கைத்தான் சொடுக்குவார். அந்த நாயனச் சத்தத்தில் பக்கத்திலிருந்த எனக்கே கேட்காதது அவளுக்குக் கேட்டிருக்கிறது.

"மணையவுட்டு எழுந்திரிக்கக் கூடாதும்மா!" என்று யாரோ கத்தினார்கள்.

"மூச்சே நின்னுபூடும் போலகீது, மணையாம் மணை!" என்றபடி இரண்டு மாலைகளையும் பிய்த்து எறிந்தாள். கனத்தில் வளையம் பிளாஸ்திரியோடு வயிற்றுப் பக்கம் இறங்கியிருந்தது. சட்டைக்குள் கைவிட்டு அதை இடத்தில் வைத்து அழுத்தினாள். மச்சான் மார்பு ஏறி இறங்கியது. கொன்றிருப்பேனே, பாவி!

புதுப் பிளாஸ்திரி ஒட்டப் பார்த்தாள். ஈரத்திலும் என் சந்தனத்திலும் ஒட்டவே இல்லை. ஐயர் முகூர்த்தம் போகிறது என்று பதறினார். கடைசியில் நாற்காலியை மணைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டோம். அலமேலு ஒரு கையால் வளையத்தை அண்ணன் மார்பில் அழுத்தி, மறு கையால் பெட்டியைப் பிடித்துக்கொண்டே குனிந்தாள், நான் தாலி கட்டினேன். மச்சான் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். முடிச்சு விழுந்ததும் அவர் கண்ணில் தண்ணீர் வழிந்தது, துடைக்க அவளுக்குக் கை காலியில்லை. நான்தான் துடைத்தேன்.

"மாப்ள..." என்றார். "மரியாத... போதும்."

எங்கள் கல்யாணப் படத்தில் மணப்பெண் என் பக்கம் திரும்பவே இல்லை, அண்ணன் பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

பிறகு அவரை அடிக்கடி மாமல்லபுரத்தில் எங்கள் வீட்டுக்கு அழைத்து வருவோம். கடலைப் பார்க்க உட்கார்த்திவைத்தால், வலை காயப்போடுகிறவர்கள் "அண்ணாத்த, ரேடியோ நல்லா பாடுதா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். எந்த விசேஷத்திலும் நான் பூவைக் கையில் எடுத்தால் போதும், "ஆளப் புடிங்க... மாலையோட வர்றான்..." என்று மூச்சுக்கு மூச்சு நிறுத்திச் சொல்லி மானத்தை வாங்குவார். எங்கள் பிள்ளைகளும் அதைக் கற்றுக்கொண்டார்கள், நிறுத்துகிற இடம் உட்பட.

அவர் போய்ப் பல வருஷமாகிறது. "எம் படத்துக்கும்... போட்றாத மாப்ள" என்று முன்பே சொல்லிவைத்திருந்தார். அதனால் கூடத்தில் அவர் படம் மாலையில்லாமல் இருக்கிறது. வருகிறவர்கள் என்னைக் கருமி என்று நினைக்கிறார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும். அவர் நினைவு நாளில் மட்டும் படத்துக்குக் கீழே ஸ்டூல் போட்டு ஒரு கை மல்லிகை வைப்பேன். அலமேலு வந்து பார்ப்பாள்.

"இன்னும் கொஞ்சம் தள்ளி வையுங்க. அண்ணாவுக்கு மூச்சு முட்டும்."

தள்ளி வைப்பேன்.