சீனாவிலிருந்து கொண்டுவந்த தேயிலை

சிவநேசம் சீனாவுக்குப் போன நான்காம் நாள், வீட்டில் பால் முடிந்துவிட்டது.

கடை தூரமில்லை. படியிறங்கினால் தெப்பனேர் என்கிற மூலைக்கடை; பால், பாண், முட்டை எல்லாம் கிடைக்கும். ஆனால் எதிர்மாடியில் அக்னெஸ் இருந்தார். அவர் கண்ணில் படாமல் அந்தத் தெருவைப் பூனைகூடக் கடந்ததில்லை. சிவநேசத்தை டாக்ஸியில் ஏற்றி, வழியில் சாப்பிட ஒரு பை பயத்தம்பணியாரமும் தந்து, கைகாட்டி அனுப்பியவரே அவர்தான்.

சிவநேசம் விமான நிலையம் வரை போனது உண்மை. உள்ளே உட்கார்ந்து ஒரு கோப்பி குடித்தார். இருட்டியதும் 747இல் ஏறினார். அது மொன்றியல் நகரத்துக்குத் திரும்பி வரும் பஸ்.

எல்லாம் நூலகத்து வகுப்பால் வந்தது. மனைவி இறந்து இரண்டு குளிர்காலம் போயிருந்தது. மகள் கல்கரியிலிருந்து ஞாயிறுகளில் பேசுவாள். மாசியில் ஒரு புதன்கிழமை குளிருக்கு ஒதுங்கி நூலகத்துக்குள் போனவர், 'சீனா செல்வோருக்கான பண்பாட்டு அறிமுகம்' என்று ஒட்டியிருந்த அறையிலிருந்து தேநீர் மணக்கவே எட்டிப் பார்த்தார்.

"வாருங்கள். உங்களுக்கு எப்போது பயணம்?" என்று லின் டீச்சர் பிரெஞ்சில் கேட்டார்.

பயணம் இல்லையென்றால் எழுப்பி அனுப்பிவிடுவார்களோ என்று பயந்து, "ஒக்டோபரில்" என்றார்.

அந்த மேசைக்கு ஒரு வழக்கம் இருந்தது. தன் கோப்பைக்குத் தானே ஊற்றக்கூடாது. பக்கத்தில் இருப்பவர் ஊற்றுவார். நன்றிக்கு வாய் திறக்கவேண்டாம், இரண்டு விரலால் மேசையில் மெல்லத் தட்டினால் போதும். தேயிலை, டீச்சர் ஒவ்வொரு கோடையும் குவாங்டொங்கில் உள்ள தன் ஊருக்குப் போய்க் கொண்டுவருவது. ஓய்வுபெற்ற பஸ் சாரதி அல்பேட், சிவநேசத்தின் கோப்பையைக் காயவே விடமாட்டார். நாளாக ஆக, வீட்டில் தனியே தேநீர் ஊற்றும்போதும் சிவநேசத்தின் விரல்கள் மேசையைத் தட்டின. யாருக்கு என்று அவர் யோசித்ததில்லை.

ஒக்டோபர் உண்மையிலேயே வந்துவிடும் என்றும் யோசித்ததில்லை.

"அண்ணை, ரிக்கெற் போட்டாச்சோ?" என்றார் அக்னெஸ். அவரும் அதே வகுப்புத்தான்; சித்திரையில் சீனாவுக்குப் போய்வந்தவர். வகுப்பில் எல்லாருக்கும் சீன விசிறி கொண்டுவந்து கொடுத்தவர்.

"போட்டாச்சு."

உடனே அல்பேட், போன வருடம் சீனப் பெருஞ்சுவர் வரை போய்வந்த தன் சூட்கேசை இரவல் தந்தார். அவ்வளவு தூரம் போன சூட்கேசின் சில்லில் ஒரு கீறலும் இல்லை. இனி வீட்டில் நிற்க வழியில்லை.

பாலில்லாத தேநீரை ஊற்றிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. அக்னெஸ்.

"அண்ணை, அங்க இப்ப என்ன நேரம்?"

வெளியே காலை பத்து மணி வெயில். "இரவு பத்து," என்று கொட்டாவி விட்டார்.

அந்த நேரம் பார்த்துக் குப்பை லொறியொன்று பின்பக்கமாகத் தெருவுக்குள் வந்து 'பீப் பீப்' என்றது.

"அங்கையும் குப்பை லொறியே?"

"ஓம் பிள்ளை. இங்க இரவிலதான் எடுக்கிறவை."

"இங்கயும் ஒண்டு வந்து நிண்டு கத்துது. நீங்கள் கதைக்கிறது வடிவாக் கேக்கேல்லை. பேந்து ஒரு படம் அனுப்புங்கோ, எல்லாரும் கேக்கினம்."

ஞாயிறு, அக்னெஸ் பூசைக்குப் போன நேரம் பார்த்து, தொப்பியும் கழுத்துச் சால்வையுமாக மொன்றியல் தாவரவியல் பூங்காவுக்குப் போனார். அங்கே சீனத் தோட்டம் ஒன்று உண்டு. வளைந்த கூரையொன்றின் கீழ் நின்று படமெடுத்து வகுப்புக் குழுவில் போட்டார். போட்ட பிறகுதான் மூலையில் சாம்பல் அணிலைக் கண்டார். அது பொரித்த உருளைக்கிழங்கு தின்றுகொண்டிருந்தது.

"அணில் எங்கட பார்க் அணில் மாதிரியே கொழுத்துக் கிடக்கு!" என்று அக்னெஸ் எழுதினார்.

சிவநேசத்துக்கு வியர்த்தது. பொய் பிடிபட்டால் புதன்கிழமை போய்விடும். பிறகு அவர் கோப்பைக்கு அவர்தான் ஊற்றவேண்டும்.

ஆனால் லின் டீச்சர் எழுதினார்: "எங்கள் ஊரிலும் அதே அணில்தான்."

சிவநேசம் மூச்சுவிட்டு முடிப்பதற்குள் அக்னெஸின் அடுத்த செய்தி வந்தது. "டீச்சர், அண்ணை வரேக்க உங்கட ஊர்த் தேயிலை கொண்டுவருவார்."

திரும்பி வருவதற்கு முதல்நாள் அவர் ஆற்றைக் கடந்து புரோசார்ட்டுக்குப் போனார். அங்கே அவரை யாருக்கும் தெரியாது. பெரிய சீனக் கடையொன்றில் குவாங்டொங் தேயிலை டின்களைத் தேடி எடுத்தார். காசாளர் மேசையில் தமிழ்ப் பிள்ளை. சட்டையில் பிரஷாந்தினி என்ற பெயர்.

"இந்தாங்கோ அங்கிள்," என்று பையை நீட்டினாள்.

இரண்டு கிழமைக்குப் பிறகு ஒரு மனிதர் அவர் முகத்தைப் பார்த்துப் பேசியிருந்தார். பதிலுக்கு இரண்டு விரலால் மேசையில் மெல்லத் தட்டினார்.

பிரஷாந்தினி அந்த விரல்களைப் பார்த்தாள். பையை இழுத்து, டின்களை வெளியே எடுத்து, நகத்தால் சுரண்டத் தொடங்கினாள்.

"நூலக வகுப்பெண்டு முதலே சொல்லியிருக்கலாமெல்லே அங்கிள், விலைச்சீட்டோட கொண்டுபோகப் பாத்தியள், அக்னெஸ் அன்ரியின்ர விசிறியளுக்கும் நான்தான் உரிச்சுக் குடுத்தனான், உங்கட டீச்சர் ஒவ்வொரு கோடையும் ஊரிலயிருந்து கொண்டுவாற தேயிலைக்கும் நான்தான் உரிக்கிறனான்."