இரண்டு தரம் பூட்டிய மடிக்கணினி

திருகோணமலைத் துறைமுகத்துக்கு இதுவரை வந்துபோன கப்பல்களை எல்லாம் தராசின் ஒரு தட்டிலும், எங்கள் தெருவில் கழட்டிப்பூட்டி அண்ணை கழற்றிய சாமான்களை மறு தட்டிலும் வைத்தால், கப்பல் தட்டு மேலே போய்விடும்.

அவருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். அது அவருடைய மனைவிக்கும் தபால்காரருக்கும் தெரிந்திருக்கலாம். எங்களுக்கு அவர் கழட்டிப்பூட்டி. துறைமுகத்தில் இழுவைப் படகொன்றின் என்ஜின் அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதோடு படகு தப்பியது, தெரு மாட்டிக்கொண்டது. எதைக் கொடுத்தாலும் கழற்றுவார், திரும்பப் பூட்டுவார். சாமான் வேலை செய்யும். ஆனால் ஓர் ஆணி மிஞ்சும். கேட்டால், “கொம்பனிக்காரன் பயத்தில கூடப் போட்டிருக்கிறான் தங்கச்சி” என்பார். எங்கள் வீட்டு ஊறுகாய்ப் போத்தல் ஒன்றில் பாதிவரைக்கும் அந்தப் பயம் கிடக்கிறது.

நாங்கள் நானா என்று கூப்பிடும் பக்கத்து வீட்டுத் துணிக்கடைக்காரரின் சலவை இயந்திரத்தை அவர் பூட்டிக் கொடுத்த அன்று, அது உடுப்புப் பிழியும் வேகத்தில் குளியலறையிலிருந்து புறப்பட்டுக் குசினி வாசல்வரை வந்து நின்றது. நானா முறைப்பாட்டோடு போனார். கழட்டிப்பூட்டி அசையவில்லை.

“ஓடாத மெஷினைத்தானே தந்தனீங்கள்? இப்ப ஓடுதுதானே?”

இப்படிப்பட்டவரை என் மகளின் மடிக்கணினிக்கு நானே கூப்பிட்டேன் என்றால், என் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

மகள் தர்சிகாவுக்குப் பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம். ஒரு வருடமாகச் செய்த ஆய்வை அன்று பிற்பகல் இரண்டு மணிக்கு, வீட்டிலிருந்தே இணையம் வழியாகப் பரீட்சகர்களுக்கு விளக்க வேண்டும். காலையில் சிநேகிதியோடு ஒத்திகை பார்த்தாள். அந்தப் பிள்ளை சொன்னாள்: “உன்ட பக்கம் ஒரே கீச்சுச் சத்தமடி. நீ என்ன சொல்லுறாய் எண்டே விளங்கேல்லை.”

நானும் காதை வைத்துக் கேட்டேன். நுளம்பு ஒன்று சங்கீதம் படித்து அரங்கேற்றம் வைத்தது மாதிரி இருந்தது. அவளுடைய மடிக்கணினியில் விண்டோஸ், லினக்ஸ் என்று இரண்டு குடித்தனம்; அதற்கு ‘டுவல் பூட்’ என்று பெயராம். விண்டோஸில் திறந்தால் சத்தமே இல்லை. லினக்ஸில் திறந்தால் கீச்சு. அவளுடைய ஆய்வு முழுவதும் லினக்ஸ் பக்கம்தான்; வேறெங்கும் பிரதி எடுக்கவுமில்லை.

பற்றரி வெடித்த கதைகளை நிறைய வாசித்தவள் நான். நனைத்த சாக்கொன்றைக் கதிரைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, மகளுக்குத் தெரியாமல் கழட்டிப்பூட்டிக்கு அழைப்பெடுத்தேன்.

“அண்ணை, பிள்ளையின்ட லப்டொப் கீச்சிடுது. அது டுவல் பூட்டாம்.”

தாலி கட்டப்போன இடத்தில் பெண்ணுக்கு ஏற்கெனவே கல்யாணமாகிவிட்டது என்று கேள்விப்பட்டவரின் குரலில் கேட்டார்.

“ரெண்டு தரம் பூட்டினதோ? ஆர் பூட்டினது?”

நான் விளங்கப்படுத்துவதற்குள் சைக்கிளில் வந்துவிட்டார். எங்கள் ஊரில் மாடு மாதிரித் தெருவில் படுத்துக்கிடக்கும் மான்களுக்கு அவர் மணியடித்தது எங்கள் வீட்டுக்கே கேட்டது. வந்த வேகத்தில் மகளை விசாரித்தார்.

“பிள்ளை, மறைக்காமச் சொல்லும். முதல் பூட்டினது ஆர், ரெண்டாவது ஆர்?”

“விண்டோஸ் வாங்கேக்கையே இருந்தது மாமா. லினக்ஸை நான்தான் போட்டனான்.”

“நீரோ? ஆணி எத்தினை மிஞ்சினது?”

“ஆணியோ? ஒண்டும் மிஞ்சேல்லை.”

அவர் மெல்லக் கதிரையில் உட்கார்ந்தார். இரண்டாம் தரம் பூட்டியும் ஓர் ஆணிகூட மிஞ்சாத ஆளை அவர் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பார்க்கிறார். அதற்குப் பிறகு அவளோடு கதைத்த ஒவ்வொரு வசனத்திலும் ஒரு மரியாதை இருந்தது.

மகள் என்னைப் பார்த்த பார்வையில் மரியாதை இருக்கவில்லை. திறக்கக் கூடாது, காதால் மட்டும் கேளுங்கள் என்று அவரிடம் கண்டிப்பாகச் சொன்னாள். அவரும் ஓமென்று தலையாட்டி, நீளமான ஸ்குறூ டிரைவரின் நுனியை மடிக்கணினியிலும் பிடியைக் காதிலுமாக வைத்துக் கண்ணை மூடினார். என்ஜின் அறையில் நோய் பார்ப்பது அப்படித்தானாம். எனக்குக் கொஞ்சம் நிம்மதி வந்தது. பிளேன்ரீ ஊற்றக் குசினிக்குப் போனேன். மகள் தொலைபேசியில் பேச முற்றத்துக்கு இறங்கினாள்.

திரும்பி வந்தபோது மடிக்கணினி மேசையில் கூடாரம் போலக் கவிழ்ந்து நின்றது. அடிமூடி ஜன்னல் ஓரத்தில் கிடந்தது. ஆணிகள் சீனிப் பீங்கானுக்குள். அதன் வயிறு திறந்தபடி, கீச்சிட்டுக்கொண்டே இருந்தது. தேநீரை எங்கே வைத்தேன் என்று இன்றுவரை எனக்கு ஞாபகமில்லை.

உள்ளே வந்த மகள் கத்தவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

“இனித் தொடாதேங்கோ மாமா.”

“தொடேல்லைப் பிள்ளை. சும்மா நிக்கிற என்ஜினைக் கேட்டு என்ன செய்யிறது? முழு வேகத்தில ஓட விடும். அப்பத்தான் நோய் தெரியும்.”

அவர் கையிலிருந்த ஸ்குறூ டிரைவரை எப்படியாவது தூரத்தில் வைத்திருக்க வேண்டும் என்பதற்காகவே, அவள் ஆய்வின் மிகப் பாரமான கணக்கொன்றை ஓட விட்டாள். விசிறி உறுமியது. கீச்சு நின்றது. கணக்கை நிறுத்தினாள்; கீச்சு வந்தது. ஓட விட்டாள், நின்றது.

“கண்டீரோ, ஆளைக் கண்டு பயந்திட்டுது” என்றார் கழட்டிப்பூட்டி.

மகள் அதைக் காதில் வாங்கவில்லை. வேலை இல்லாத நேரத்தில் லினக்ஸ் அந்த இயந்திரத்தை ஆழ்ந்து தூங்க விடுகிறதாம். அந்தத் தூக்கத்தில்தான் உள்ளே ஏதோ ஒரு கம்பிச் சுருள் கீச்சிடுகிறதாம். சும்மா இருக்கவிடாமல் சின்ன வேலையொன்றைப் பின்னால் கொடுத்துக்கொண்டிருந்தால் போதும் என்றாள்.

அவர் அடிமூடியைப் பூட்டினார். ஆணி ஒன்றும் மிஞ்சவில்லை. பீங்கானைத் தலைகீழாகத் தட்டிப் பார்த்தார். மேசைக்குக் கீழேயும் தேடினார். எதையோ பறிகொடுத்தவர் போலிருந்தார்.

இரண்டு மணிக்கு அறைக் கதவு சாத்தப்பட்டது. வெளியே நானும் அவரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம். உள்ளே மகளின் குரல் மட்டும்தான் கேட்டது. ஒரு கட்டத்தில் பரீட்சகர் ஒருவர் சிரித்தார். அது நல்ல சிரிப்பு. கதவைத் திறந்து வந்தவள், “சரி அம்மா, எல்லாம் கேட்டதாம்” என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் கதிரைக்குப் பக்கத்தில் கிடந்த என் ஈரச் சாக்கை எடுத்துப் பிழிந்து வேலியில் போட்டார்.

சத்தத்தின் காரணத்தை மகள் அவருக்குப் பொறுமையாக விளங்கப்படுத்தினாள். “பழுதொண்டும் இல்லை மாமா. வேலை இல்லாமச் சும்மா இருக்கேக்கதான் அது கீச்சிடுது.”

அவர் நான் புதிதாக ஊற்றிக் கொடுத்த தேநீரை ஆற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

“அது ஞாயம்தானே பிள்ளை. பென்சன் எடுத்த புதுசில நானும் அப்பிடித்தான். மனுசிக்குக் காது வலிச்சு, வெளியால கலைச்சு விட்டவ.”

மகள் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பிவிட்டாள். வீட்டில் இப்போது எதுவும் பழுதில்லை. இந்தச் சனிக்கிழமை காலை, ஒழுங்காகச் சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து கழட்டிப்பூட்டி அண்ணைக்கு அழைப்பெடுத்தேன். விசிறி ஒரு மாதிரிச் சத்தம் போடுகிறது என்றேன். என்ன மாதிரிச் சத்தம் என்று கேட்டார்.

“எனக்குச் சொல்லத் தெரியேல்லை அண்ணை. நீங்களே வந்து கேளுங்கோவன்.”