குளத்தின் தொப்பையும் சம்பந்தி மரியாதையும்

அன்பும் அடக்கமும், இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும் அளவுக்குப் பொறுமையும் நிறைந்த மாப்பிள்ளைக்கு, மாமனார் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நீச்சல் குளம் நீங்கலாக அனைவரும் நலம். அவ்விடம் நீங்களும் என் மகளும் நலம் என்று நம்புகிறேன். குளமும் இப்போது நலம்தான். ஆனால் அது நலமான கதையை நீங்கள் வேறு யார் வாயாலாவது கேட்டுவிடக் கூடாதே என்றுதான் பேனாவை எடுத்தேன்.

போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பீர்கள். போனில் நான் வாயைத் திறந்ததும் நீங்கள் "சரி மாமா, சரி மாமா" என்று ஆரம்பித்துவிடுகிறீர்கள். அதற்கு மேல் எனக்குப் பேச்சு வருவதில்லை. தவிர, வெளியூர் வேலைக்குக் கிளம்பும்போது இந்த வீட்டை எங்கள் இரண்டு ஜோடியிடமும் சேர்த்து ஒப்படைத்துவிட்டுப் போய்விட்டீர்கள். உங்கள் பெற்றோர் காதில் விழாமல் இங்கே தும்மக்கூட முடியாது. கிளம்புகிற அன்று காரில் ஏறிக்கொண்டே நீங்கள் சொன்னது நினைவிருக்கிறதா? "இந்தக் குளம் இன்னொரு தடவை தொல்லை கொடுத்தா, மண்ணைக் கொட்டி மூடிட்டு அது மேல காரை நிறுத்திருவேன்" என்றீர்கள். சிரித்துக்கொண்டேதான் சொன்னீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் உங்கள் அத்தை, அதாவது என் மனைவி, அந்தக் குளத்தை நம்பித்தான் நடமாடிக்கொண்டிருக்கிறாள். முட்டி வலிக்குத் தண்ணீரில் நடக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். தரையில் என் கையைப் பிடித்துக்கொண்டு விந்தி விந்தி நடக்கிறவள், இடுப்பளவு தண்ணீரில் இறங்கிவிட்டால் போதும், கல்யாணமான புதிதில் என்னைப் பின்னால் விட்டுவிட்டுப் போவாளே, அந்த நடை வந்துவிடுகிறது. கரையில் நாற்காலி போட்டு அதைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் எனக்கு இப்போது இருக்கிற ஒரே சந்தோஷம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். ஒரு நாள் காலை தண்ணீரில் நடந்துகொண்டிருந்த உங்கள் அத்தை நடுவில் நின்று, "என்னங்க, காலுக்குக் கீழ ஏதோ மெத்து மெத்துனு இருக்கு" என்றாள். "மண்ணா இருக்கும்" என்றேன். "மண்ணு நகருமா?" என்றாள். இலை அள்ளும் வலைக்கம்பால் குத்திப் பார்த்தேன். இந்தப் பக்கம் அமுக்கினால் அந்தப் பக்கம் எழும்புகிறது. குளத்துக்குள் சுவரும் தரையும் தெரியாமல் விரித்திருக்கிறதே நீல வினைல் விரிப்பு, லைனர், வீடு வாங்கும்போதே அரதப் பழசு என்று நீங்கள் அலுத்துக்கொண்டது, அதற்கு அடியில் தண்ணீர் புகுந்து தொப்பை போட்டிருந்தது. காபியோடு வந்த உங்கள் தந்தையார், "உங்க அபிப்பிராயம் என்ன சம்பந்தி?" என்று கேட்டார். "முதல்ல நீங்க சொல்லுங்க சம்பந்தி" என்றேன். கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்தவர் இல்லையா, எதையும் எதிர்க்கட்சி அனுமதியோடுதான் சொல்லுவார். நான் உட்காராமல் அவர் உட்காரமாட்டார், அவர் உட்காராமல் நான் உட்காரமாட்டேன், அதனால் இந்த வீட்டில் நாங்கள் இருவரும் பெரும்பாலும் நின்றுகொண்டேதான் பேசுகிறோம்.

குளத்துக்கு மருந்து போட வருகிறவருக்குப் போன் போட்டேன். "குளத்தை மட்டும் காலி பண்ணிடாதீங்க சார். பழைய லைனர் சுருங்கிப் போயிரும், அப்புறம் எந்த மூலையிலும் சேராது. ஒரு இடத்துல விளிம்பைக் கழட்டி, பின்னாடி குழாயை விட்டு, அந்தத் தண்ணிய மட்டும் இழுங்க. மேல இருக்கிற தண்ணி கனத்துல அதுவே படிஞ்சிரும்" என்றார். "நீங்களே வந்து செய்யக்கூடாதா?" என்று அவரைக் கேட்டதற்கு, "அடுத்த வாரம் பாக்கலாம் சார்" என்று வைத்துவிட்டார். அவருடைய அடுத்த வாரம் எப்போதுமே அடுத்த வாரம்தான் என்பது உங்களுக்குத் தெரியும். வேலை பார்த்த காலமெல்லாம் லிஃப்ட் பழுது பார்த்தவன் நான். உள்ளே மாட்டிக்கொண்ட மனுஷனையே வெளியே எடுத்தவனுக்குத் தண்ணீர் எம்மாத்திரம் என்று இறங்கிவிட்டேன்.

விளிம்பு காய்ந்து விறைத்துப் போயிருந்தது. முள்ளில் விழுந்த சேலையை எடுப்பதுபோல எடுக்க வேண்டும். உங்கள் தந்தையார் கெட்டில் கெட்டிலாக வெந்நீர் கொண்டுவந்து விளிம்பில் ஊற்ற, நான் சமையலறை மரக்கரண்டியைக் கொடுத்து நெம்ப, கொஞ்சம் கொஞ்சமாக ஒரு முழம் கழன்று வந்தது. (கரண்டி போன இடத்தை உங்கள் அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.) தண்ணீர்த் தொட்டி கழுவும் சின்ன மோட்டாரின் குழாயை உள்ளே விட்டால் அது கீழே இறங்காமல் சுருண்டுகொண்டது. குளியலறைத் திரைக்கம்பியைக் கழற்றி அதோடு சேர்த்துக் கட்டி இறக்கினேன். நடுவில் குழாய் தடுக்கி ஒரு தடவை தடுமாறினேன், யானைக்கும் அடி சறுக்கும், அது பெரிய விஷயமில்லை. ஸ்விட்சைப் போட்டதும் கறுப்பாக, நாற்றமாக, கொட்டியது பாருங்கள் தண்ணீர்! சம்பந்திகள் இருவரும் கையைக் குலுக்கிக்கொண்டோம்.

அங்கேதான் வந்தது வினை. வருகிற தண்ணீரை எங்கே விடுவது? "வீணாக்குவானேன் சம்பந்தி, ரோஜாவுக்குப் போகட்டுமே" என்றார் உங்கள் தந்தையார். ரோஜாப் பாத்தி என்றால் குளத்தை ஒட்டினாற்போல் அவர் வந்ததும் போட்டாரே, நான்கூடச் செங்கல் அடுக்கிச் சரிவு கட்டிக் கொடுத்தேனே, தினமும் சாயங்காலம் குழாயைத் திறந்துவிட்டுவிட்டு மறந்து போவாரே, அதுதான். "அருமையான யோசனை சம்பந்தி!" என்றேன். சம்பந்தி சொன்னதை நான் வேறு எப்படிச் சொல்வது? அன்று முழுவதும் மோட்டார் ஓடியது. ரோஜா செழித்தது. தொப்பை மட்டும் இம்மியும் குறையவில்லை. மறுநாளும் ஓட்டினோம். மோட்டாரில் கை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. அன்று மத்தியானம் உங்கள் தந்தையார் ரோஜாவுக்கு அந்தப் பச்சை நிற உர மருந்தைக் கரைத்து ஊற்றினார். நாங்கள் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் குழாயில் தண்ணீர் பச்சையாக வந்துகொண்டிருக்கிறது.

நான் சம்பந்தியைப் பார்த்தேன். அவர் வானத்தைப் பார்த்தார். "பாசி போலிருக்கு" என்றார். "பாசியேதான்" என்றேன். பாத்தியில் விட்ட தண்ணீர் மண்ணில் இறங்கி, சுவரைத் தாண்டி, லைனருக்குப் பின்னால் போய், மறுபடி மோட்டார் வழியாகப் பாத்திக்கே வருகிறது. செக்குமாடு மாதிரி ஒரே தண்ணீர் இரண்டு நாளாகச் சுற்றியிருக்கிறது. ஆதியில் அது உள்ளே போனதும் ரோஜாவுக்கு விட்ட தண்ணீரால்தான். இது எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் எப்படிச் சொல்வேன்? பெண்ணைக் கொடுத்த வீட்டில் போய், உங்கள் ரோஜாதான் இத்தனைக்கும் காரணம் என்று சொல்ல எனக்கு நாக்கு வருமா? சொல்லாவிட்டாலோ குளம் போகும், குளம் போனால் உங்கள் அத்தையின் நடை போகும். அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பொழுது விடிந்ததும் யாருக்கும் தெரியாமல் குழாயைத் தெருச் சாக்கடைப் பக்கம் திருப்பிவிடலாம் என்று பூனை போலப் போனேன். பாத்தியோரச் செங்கல் தடுக்கி விழப் போனவனை ஒரு கை பிடித்தது. உங்கள் தந்தையார்! அவர் கையில் குழாயின் மறுமுனை. "காத்து வாங்க வந்தேன்" என்றார். "நானும்தான்" என்றேன். இருவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்தபடி காற்று வாங்கினோம். பிறகு அவரே, "சம்பந்தி, மன்னிக்கணும். பாத்திக்கு நீங்க பார்த்துப் பார்த்துக் கட்டின சரிவு குளத்துப் பக்கமா இருக்கு. நேத்தே தெரியும். சொன்னா உங்க மனசு புண்படுமேன்னு…" என்றார். கேட்டீர்களா? நான் அவர் ரோஜாவுக்காக வாயை மூடியிருக்கிறேன், அவர் என் சரிவுக்காக வாயை மூடியிருக்கிறார்! அதற்குள் மாடி ஜன்னல் திறந்தது. "ரெண்டு பேரும் அதே தண்ணியச் சுத்த விடுறீங்கன்னு எங்களுக்கு முதல் நாளே தெரியும்!" என்றார் உங்கள் அம்மா. ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "ரெண்டு பேரும் வெளியிலயே இருந்தீங்க. வீடு எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு தெரியுமா?" என்று ஜன்னலைச் சாத்திவிட்டார்.

குழாயை வாசலுக்கு வெளியே நீட்டினோம். வெயில் உச்சிக்கு வருவதற்குள் தொப்பை வற்றிவிட்டது. ஆனால் லைனர் முழுக்கச் சுருக்கம். யாராவது தண்ணீரில் இறங்கிக் காலால் மிதித்து மிதித்து ஓரத்துக்குத் தள்ள வேண்டும். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். ஆழம் தெரிந்தும் விடாதவர்கள் நாங்கள் இருவரும். உங்கள் அத்தையும் உங்கள் அம்மாவும்தான் இறங்கினார்கள். ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, சிரித்துக்கொண்டே மிதித்தார்கள். நான் கரையிலிருந்து விளிம்பை இழுத்து மாட்டும்போது அவசரப்பட்டுவிட்டேன். டர்ரென்று ஒரு சத்தம். எல்லாம் போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால் உள்ளங்கை அகலக் கிழிசல், நல்ல வேளையாக நீர்மட்டத்துக்கு மேலே. ஷெட்டில் இருந்த ஒட்டுத் துண்டை வைத்து ஒட்டியாகிவிட்டது. நீங்கள் உற்றுப் பார்த்தால்தான் தெரியும். உற்றுப் பார்க்க வேண்டாம். ரோஜாவெல்லாம் இப்போது வாசற்பக்கம் குடிபோய்விட்டது, சரிவும் திருத்தியாகிவிட்டது.

ஆகையால் மாப்பிள்ளை, உங்களிடம் நான் இதுவரை எதுவும் கேட்டதில்லை, இதை ஒன்று கேட்கிறேன். குளத்தை மூடிவிடாதீர்கள். உங்கள் காருக்கு நிற்க வாசலில் இடம் இருக்கிறது. உங்கள் அத்தைக்கு நடக்க வேறு இடமில்லை.

நீங்களும் என் மகளும் எல்லா நலமும் பெற்று, ஒழுகாத கூரையும் வற்றாத குழாயுமாகப் பல்லாண்டு வாழ வேண்டும். உங்கள் பெற்றோர் ஆசி கூறச் சொன்னார்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: உறையில் போடுமுன் உங்கள் அத்தைக்கு இதைப் படித்துக் காட்டினேன். கடைசி வரை கேட்டுவிட்டு, "முட்டி வலியா? அது போய் எவ்வளவோ நாளாச்சே" என்றாள். "அப்புறம் எதுக்குத் தினமும் தண்ணியில இறங்குறே?" என்றேன். "அங்க ஒரு இடத்துக்குத்தான் நீங்களும் சம்பந்தியும் பின்னாடியே வந்து பேச மாட்டீங்க" என்றாள். சரி, அது போகட்டும், தரையில் ஏன் என் கையைப் பிடித்துக்கொண்டு விந்துகிறாய் என்று கேட்டேன். "எனக்காகவா பிடிச்சேன்? இப்பல்லாம் உங்க கால்தான் தடுமாறுது. சொன்னா மனசு கஷ்டப்படுவீங்களேன்னு நான் விந்தி விந்தி நடந்து உங்களைப் பிடிச்சுக்கிட்டு வரேன்" என்றாள். ஆகவே மேலே முட்டி என்று வருகிற இடங்களிலெல்லாம் என் காலைப் போட்டுப் படித்துக்கொள்ளவும். நாளைக் காலையிலிருந்து நானே அவளோடு தண்ணீரில் இறங்கி நடப்பதாக முடிவு செய்து, அதை அவளிடமும் சொல்லிவிட்டேன். குளத்தை உடனே மூடிவிடச் சொல்கிறாள்.